தனஞ்சயனை எங்கே விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் மதுரை உருவான கதையை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. சிவபெருமான் சடையில் பிறை, அதிலிருந்து சொட்டுகிற அமுதம், கீழே கைகூப்பி நிற்கிற பாண்டியன், சுற்றிலும் வளைந்து கிடக்கிற பெரிய பாம்பு. என் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டாள். அவள் ஒட்டி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து நான் கட்டுரையைப் படித்தேன். ஒருமுறை படித்தேன், கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று மறுபடியும் மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டு படித்தேன். காட்டுக்குள் லிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து அரசனிடம் சொன்ன வணிகன் தனஞ்சயன், அவன் பெயரே இல்லை. ஓரிடத்தில்கூட இல்லை.

சரி, இடம் போதாமல் விட்டிருப்பார்கள் என்று இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் அந்தக் கட்டுரையைப் பற்றி இரண்டு கடிதம் வந்தது. மதுரைக்குப் பத்தாயிரம் வயது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி என்கிறார் ஒருவர். இந்தப் புராணக் குப்பையை எதற்கு அச்சடிக்கிறீர்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டு வேடிக்கை பார்க்கிறீர்கள். இதற்கப்புறமும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், வெட்டுவதென்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த வணிகனை மட்டும் இரண்டாவது முறையும் வெட்டிவிடாதீர்கள்.

நான் புலவனும் இல்லை, தொல்லியல் படித்தவனும் இல்லை. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் 34 வருடம் கணக்கு எழுதியவன். சிட்டை என்கிற அன்றாடக் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை, நான் கரைத்துக் குடித்த இலக்கியம் இவ்வளவுதான். தனஞ்சயனை எனக்கு அறிமுகம் செய்ததும் புத்தகம் இல்லை, அந்த மண்டியில் எனக்கு முன்னால் கணக்கு எழுதிய பெரியவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி ஒரு மணி இருக்கும், வத்தல் லாரி வந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது, நெடி மூக்கில் ஏறி எல்லோரும் மாறி மாறித் தும்முகிறோம். எனக்கோ தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. மூட்டை எண்ணுகிறவன் தூங்கிவிட்டால் முடிந்தது கதை. பெரியவர் என் தோளைத் தட்டி, "இந்த ஊர்ல முதல் முதல்ல ராத்திரி பூரா முழிச்சிருந்தது யாரு தெரியுமா? ராசாவும் இல்ல, சாமியாரும் இல்ல. நம்ம ஆளு, ஒரு வியாபாரி" என்றார். அப்புறம் கதையைச் சொன்னார், நடுநடுவே மூட்டை எண்ணிக்கையும் சொல்லிக்கொண்டு.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் 64 படலம். அதில் மூன்றாவது, திருநகரங்கண்ட படலம். அப்போது பாண்டியனின் தலைநகரம் மதுரை இல்லை, மணவூர். அரசன் குலசேகர பாண்டியன். மணவூர்க்காரன் தனஞ்சயன் என்கிற வணிகன் வியாபாரமாக வெளியூர் போய்விட்டுத் திரும்பி வருகிறான், வழியில் இருட்டிவிடுகிறது. இருப்பதோ கடம்பங்காடு. வேறு வழியில்லாமல் உள்ளே போகிறான். போனால் காட்டுக்கு நடுவே ஒளிவிடுகிற ஒரு விமானம், அதை யானைகள் தாங்கி நிற்கின்றன, அதன் கீழே சிவலிங்கம். அன்றைக்குச் சோமவாரம், அதாவது திங்கட்கிழமை. தேவர்கள் கூட்டமாக வந்து நான்கு யாமமும் பூசை செய்கிறார்கள். இவனும் ஓரமாக நின்று கும்பிட்டுக்கொண்டு கண்ணை மூடாமல் அந்த ராத்திரியைக் கழிக்கிறான். விடிந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. காடு இருக்கிறது, விமானம் இருக்கிறது, லிங்கம் இருக்கிறது, இவன் இருக்கிறான்.

இந்த இடத்தில் அவன் என்ன செய்திருக்கலாம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு ஊர் சேர்ந்திருக்கலாம். யாருக்கும் சொல்லாமல் தான் மட்டும் திங்களுக்குத் திங்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவன் நேரே அரண்மனைக்குப் போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறான். அரசனும் உடனே புறப்பட்டுவிடவில்லை. அன்றிரவு அவன் கனவில் இறைவன் சித்தராக வந்து, காட்டைத் திருத்தி நகரமாக்கு என்கிறார். அப்புறம்தான் அரசன் கிளம்புகிறான். நியாயம்தானே, ஒரு வியாபாரியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எந்த அரசன் தலைநகரை மாற்றுவான்? எங்கள் மண்டி பாஷையில் சொன்னால் வவுச்சர் தனஞ்சயனுடையது, கையெழுத்து சிவனுடையது. இரண்டும் சேர்ந்தால்தான் பேரேட்டில் ஏறும். நீங்கள் கையெழுத்தை மட்டும் அச்சடித்துவிட்டு வவுச்சரைக் கிழித்துப் போட்டுவிட்டீர்கள்.

மற்றதெல்லாம் உங்கள் கட்டுரையில் சரியாகவே இருந்தது. காடு வெட்டுகிறார்கள், கோயிலும் மண்டபமும் வீதிகளும் எங்கெங்கே வர வேண்டும் என்று அதே சித்தர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு மறைகிறார், ஊர் எழும்பியதும் அதைத் தூய்மையாக்கச் சடையிலிருக்கும் சந்திரனின் அமுதம் தெளிக்கப்படுகிறது, அந்த இனிமையால் ஊருக்கு மதுரை என்று பெயர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்திரன்தான் தனஞ்சயனுக்கு முன்பே லிங்கத்தைக் கண்டுவிட்டானே என்று யாராவது கேட்பீர்கள். உண்மை, அது முதல் படலம். விருத்திராசுரனைக் கொன்ற பழி தீர இந்திரன் அலைந்து திரிந்து இந்தக் கடம்பவனத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பாரம் இறங்குகிறது, விமானமும் அவன் வைத்ததுதான், அதனால்தான் இன்றைக்கும் அதற்கு இந்திர விமானம் என்று பெயர். எல்லாம் சரி. ஆனால் இந்திரன் பழி தீர்ந்ததும் தேவலோகத்துக்குப் போய்விட்டான். தேவர்கள் வந்து வந்து போனார்கள், காடு காடாகவே கிடந்தது. ஒரு மனிதன், அதுவும் வேறு வேலையாக அந்த வழியே வந்தவன், பார்த்துவிட்டு வந்து ஊரில் சொன்ன பிறகுதான் ஊர் உண்டாகிறது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தலபுராணங்களில் காட்டுக்குள் லிங்கத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மாடு. ஒரு பசு புற்றின் மேல் போய்ப் பால் சொரியும், மாட்டுக்காரன் பார்ப்பான். இல்லையென்றால் வேடன், அதுவும் இல்லையென்றால் வேட்டைக்கு வந்த அரசன். மதுரைக்கு மட்டும் சரக்கோடு வழிநடந்த ஒரு வணிகன். இந்த ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

இதே புராணத்தில் இறைவன் செய்கிற வேலைகளைப் பாருங்களேன். ஒரு படலத்தில் மாணிக்கம் விற்கிறார், ஒன்றில் வளையல் விற்கிறார், ஒன்றில் விறகு கட்டித் தலையில் வைத்துக் கூவி விற்கிறார், ஒன்றில் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு வைகைக் கரைக்கு மண் சுமக்கிறார், அதிலும் ஒழுங்காக வேலை செய்யாமல் பிரம்படி வாங்குகிறார். கடை, கூலி, பேரம், அடி. வேறு எந்த ஊரிலாவது கடவுளை இப்படித் தெருவில் இறக்கி வியாபாரம் பார்க்கவிட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன். மதுரைக்காஞ்சி இந்த ஊரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும், அதாவது பகல் கடையையும் ராக்கடையையும், எவ்வளவு விரிவாகச் சொல்கிறது என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும். தூங்கா நகரம் என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தூங்காத வரிசையில் முதலில் நிற்பவன் கடம்பங்காட்டில் நான்கு யாமமும் விழித்திருந்த தனஞ்சயன், பெரியவர் சொன்னது அதைத்தான்.

ஒரு வருத்தம். ஆவணி மூலத் திருவிழாவில் வரிசையாகத் திருவிளையாடல்களை நடத்துகிறார்கள். கரிக்குருவி, நாரை, தருமி, வளையல், நரி பரி, பிட்டு, விறகு என்று. ஊரே திரண்டு புட்டுத்தோப்புக்குப் போகிறது. ஊர் உண்டான இந்தக் கதை மட்டும் அந்த வரிசையில் இல்லை. இது கோயில் வழக்கம், அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் பத்திரிகையும் விட்டுவிட்டால் அவன் எங்குதான் போவான்?

இனி அந்தப் பத்தாயிரம் வருடத்துக்கு வருகிறேன். அந்த வாசகர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரிகிறது. இறையனார் களவியல் என்கிற இலக்கண நூலின் உரையில் மூன்று சங்கங்களின் கணக்கு இருக்கிறது. முதற்சங்கம் கடல் கொண்ட மதுரையில் 4440 ஆண்டு, இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3700 ஆண்டு, கடைச்சங்கம் இப்போதைய மதுரையில் 1850 ஆண்டு. கூட்டினால் 9990. பத்தாயிரத்துக்குப் பத்துக் குறைவு.

இந்த எண்களை ஒரு கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். நான் முதல்முறை பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. 37ஆல் வகுத்தேன். 4440 என்பது 37 தடவை 120. 3700 என்பது 37 தடவை 100. 1850 என்பது 37 தடவை 50. மீதி எதிலும் இல்லை. மூன்று சங்கம், மூன்று ஊர், நடுவில் இரண்டு கடல்கோள், அத்தனைக்கும் பிறகு எல்லாமே 37இல் சுத்தமாக அடங்கிவிடுகிறதென்றால், எங்கள் மண்டியில் இப்படி ஒரு பேரேடு வந்தால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இது நடந்த கணக்கா, உட்கார்ந்து எழுதின கணக்கா?" என்று கேட்டிருப்பார். நடந்த கணக்கில் சில்லறை இருக்கும். இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை, படித்தவர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பென்சில் எடுத்து நீங்களே போட்டுப் பார்த்தால் ஒரு சுகம். உரை எழுதியவர் பொய் சொன்னார் என்றும் நான் சொல்லவில்லை. தமிழ் மிகப் பழையது, எண்ண முடியாத பழையது என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு பெரிய எண் தேவைப்பட்டது, அழகான எண்ணாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். அதைப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி நீட்டுவது நம் தப்பு.

அதுபோலவே கீழடியையும் இந்தக் கதையோடு கட்டிப்போடாமல் இருப்பது நல்லது. உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் லேசாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தீர்கள். 2014இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்ட ஆரம்பித்தது, அப்புறம் மாநிலத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது, 2019இல் வந்த அறிக்கையில் ஒரு மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் சொன்னார்கள். அங்கே கிடைத்தது செங்கல் கட்டுமானம், உறைகிணறு, நூல் நூற்கிற தக்களி, விளையாட்டுக் காய்கள், பானையோட்டில் கீறிய ‘ஆதன்’ போன்ற பெயர்கள். எல்லாம் சாதாரண சனங்களுடையது. குலசேகர பாண்டியன் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, எழுதியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் மனசு கேட்கிறதா பாருங்கள். கீழடிக்குப் பக்கத்திலேயே மணலூர் என்று ஓர் ஊர், 2020இல் அங்கும் குழி போட்டார்கள். புராணத்து மணவூர்தான் இந்த மணலூர் என்று சொல்கிறவர்கள் உண்டு. மணவூர், மணலூர், ஓர் எழுத்துத்தானே வித்தியாசம், கதையிலும் அது கடம்பவனத்துக்குக் கிழக்கே இருக்கிறது, இங்கேயும் மதுரைக்குக் கிழக்கே தள்ளித்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர்ப்பலகையை பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் தனஞ்சயன் வீடு எந்தத் தெருவில் இருந்திருக்கும் என்று எனக்கும் ஒரு நிமிஷம் ஓடத்தான் செய்கிறது. ஓடட்டும். அதை நான் அச்சில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று போட மாட்டேன்.

உண்மையான ஆதாரம் வேண்டும் என்பவர்கள் அழகர்மலைக்குப் போகலாம். கிடாரிப்பட்டி பக்கம், மலையில் ஒரு பெரிய குகைத்தளம், உள்ளே சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கல் படுக்கைகள். பாறையின் நெற்றியில் தமிழி, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் கீறல் மாதிரி இருக்கும். வெயில் கொஞ்சம் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்ததும் ஒவ்வொன்றாக மேலே வரும். ககரம் அப்படியே நம் கூட்டல் குறி. 34 வருடம் கூட்டல் போட்ட எனக்கு அந்த ஓர் எழுத்தாவது படிக்க வந்ததே என்று சந்தோஷமாக இருந்தது. அங்கே கொடை கொடுத்தவர்கள் யார் என்று எழுதியிருக்கிறது. ‘மத்திரை’யைச் சேர்ந்த பொற்கொல்லர், உப்பு வணிகர், ஏர்க்கொழு விற்கிறவர், பாணிதம் அதாவது கருப்பஞ்சாற்றுப் பாகு விற்கிறவர், துணி வணிகர். மத்திரை என்பது மதுரை. சுமார் 2000 வருடத்துக்கு முன்னால் இந்த ஊரின் பெயரைக் கல்லில் ஏற்றியவர்கள் அந்தக் கடைக்காரர்கள்.

இப்போது இரண்டாவது கடிதக்காரருக்கு. புராணம் குப்பை என்கிறீர்கள். புராணம் எழுதியவர் அழகர்மலைக்கு ஏறி அந்தத் தமிழியைப் படித்திருக்க வழியே இல்லை. அவர் காலத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களே யாரும் கிடையாது. படிக்காமலேயே, ஊரை முதலில் கண்டவன் வணிகன் என்று பாடியிருக்கிறார் என்றால், இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்களைப் பற்றிய ஒரு நினைப்பு வாய்வழியாகவாவது நீண்டு வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதை ஆதாரம் என்று சொல்ல வரவில்லை, பேரேட்டிலும் ஏற்ற மாட்டேன். சிட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன், அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்களிடமும் இந்தப் பக்கத்துக் கதை ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது. சந்திரகுப்த மௌரியர் அவைக்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனீஸ், ஹெராக்ளிஸுக்குப் பண்டையா என்று ஒரு மகள் இருந்தாள், அவள் ஆண்ட நாட்டுக்கும் அவள் பெயரே வந்தது என்று எழுதி வைத்தார். நமக்கோ தடாதகைப் பிராட்டி, அதாவது மீனாட்சி, குலசேகரனின் பேத்தி முறை. இரண்டும் ஒன்றுதான் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் 2300 வருடத்துக்கு முன்பே பாண்டிய நாடு என்றதும் ஒரு பெண் ஆண்ட கதை வடக்கே காதில் விழுந்திருக்கிறது, இதைக் குப்பைக்கூடையில் போட எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் அந்தப் பாம்பு. இங்கேதான் உங்கள் கட்டுரையில் பெரிய குழப்படி. குலசேகரன் ஊர் கட்டும்போதே பாம்பு வந்து எல்லை காட்டியதாக எழுதிவிட்டீர்கள், படத்திலும் இரண்டையும் சேர்த்து வரைந்துவிட்டார்கள். பாம்பு வருவது 49வது படலத்தில், திருவாலவாயான படலம். இடையில் எத்தனையோ தலைமுறை போய்விட்டது, பிரளயம் வந்து ஊரே அழிந்துபோயிருந்தது, கோயிலும் சில இடங்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அப்போது அரசன் வங்கிய சேகர பாண்டியன். குடிமக்கள் பெருகிவிட்டார்கள், ஊரைத் திரும்பக் கட்ட வேண்டும், ஆனால் பழைய எல்லை எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. அரசன் வேண்டுகிறான். இறைவன் சித்தராக வந்து, கையில் கங்கணமாகக் கட்டியிருந்த பாம்பை இறக்கிவிட்டு, எல்லையைக் காட்டு என்கிறார். அது வாலை நீட்டி வைத்து, வலமாக ஊரைச் சுற்றி வந்து, வாலைத் தன் வாயில் வைத்துக் காட்டுகிறது. அதுதான் ஆலவாய், ஆலம் என்றால் நஞ்சு.

தெற்கே திருப்பரங்குன்றம், வடக்கே இடபமலை என்கிற அழகர்மலை, மேற்கே திருவேடகம், கிழக்கே திருப்பூவணம். இதுதான் பாம்பு போட்ட எல்லை. ஓய்வு பெற்ற வருடம் ஒருநாள் டவுன் பஸ்ஸிலேயே இந்த நான்கையும் சுற்றிவிட வேண்டும் என்று கிளம்பினேன். காலை ஆறு மணிக்குத் திருப்பரங்குன்றம், அங்கிருந்து திரும்ப ஊருக்குள் வந்து திருவேடகம், மறுபடி ஊருக்குள் வந்து அழகர்கோயில், மறுபடி ஊர், கடைசியில் திருப்பூவணம் போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. பாம்புக்கு இருந்த வசதி நமக்கு இல்லை, அது ஓரமாகவே போய்விட்டது, நாம் ஒவ்வொரு முறையும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கோ மாட்டுத்தாவணிக்கோ வந்துதான் போக வேண்டும். ஒன்று கவனித்தேன். மற்ற மூன்றும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம், திருப்பரங்குன்றம் மட்டும் எட்டு கிலோமீட்டருக்குள். தெற்கே பாம்பு கொஞ்சம் இழுத்துப் பிடித்துவிட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு வரப்பு எங்கே, வேலி எங்கே என்று தெரியாமல் நிற்கிற ஊர், பழைய எல்லையைக் காட்டித் தரச் சொல்லிக் கெஞ்சுகிற அரசன், அளந்து காட்ட நீளமாக ஒன்று. எனக்கு அந்தப் பாம்பு நில அளவைச் சங்கிலி மாதிரிதான் தெரிகிறது. இந்த ஊர் அதற்குப் பிறகும் எல்லை மாற்றிக்கொண்டதுதான். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்தார். அந்த வேலையோடு சேர்ந்த பெயர்கள்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயராகவே வந்துகொண்டிருந்த வீதிகளின் வரிசையில் திடீரென்று ஒரு துரையும் ஒரு மேஸ்திரியும் நிற்கிறார்கள். பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது, பாம்புக்கு ஒரு படலம் இருக்கிறது. இதை எழுதியதும் உங்கள் கட்டுரையாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆலவாய் என்ற பெயர் இந்தப் புராணத்தால் வந்ததல்ல. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவாலவாயான் என்று பாடிவிட்டார். நான்மாடக்கூடலும் அப்படித்தான், சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, அதற்கு நான்கு மேகம் நான்கு மாடமாகக் கூடியது என்று பிற்பாடு ஒரு படலம் வந்தது. பெயர் முதலில், கதை அப்புறம். ‘மதுரம் என்பதிலிருந்தே மதுரை வந்தது என்பது உறுதி’ என்று நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டதையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். வடநாட்டு மதுராவைப் பார்த்து வைத்த பெயர் என்பாரும் உண்டு, மருதத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. கல்வெட்டில் மத்திரை, சோழன் பராந்தகன் பட்டம் ‘மதிரை கொண்ட’, எங்கள் அம்மா கடைசிவரை சொன்னது ‘மருதை’. சந்தைக்குக் காய் கொண்டுவருகிற சனங்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். ‘உறுதி’ என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

பக்கத்து ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன். உறையூருக்குக் கோழி என்று பெயர் வந்ததற்கு, ஒரு கோழி யானையோடு சண்டை போட்டு ஜெயித்த இடம் என்று கதை. சோழன் அதைப் பார்த்து இது வீரமான மண் என்று ஊர் கட்டினானாம். நல்ல கதைதான். பரிபாடலில் ஒரு மதுரைக்காரப் புலவர் அவர்களைக் கிண்டல் பண்ணியிருக்கிறார், சேரர் ஊரான வஞ்சியும் இந்தக் கோழியும் போலக் கோழி கூவி எங்கள் ஊர் எழுவதில்லை, வேதம் ஓதுகிற குரல் கேட்டு எழுகிறது என்று. அதே பாட்டில்தான் ஊர் தாமரைப்பூ, தெருக்கள் இதழ், நடுப் பொகுட்டு கோயில் என்றும் வருகிறது. கோயிலைச் சுற்றி வீதி, அதைச் சுற்றி இன்னொரு வீதி என்கிற நம் ஊர் வரைபடத்தைப் பார்த்தால் அந்தப் புலவர் எங்கே நின்றுகொண்டு சொன்னார் என்று கேட்கத் தோன்றும்.

ஆக, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாம்பு 49வது படலத்தில் வருகிறது, அரசன் வங்கிய சேகரன் என்று ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். ‘உறுதி’யை எடுங்கள். தனஞ்சயன் பெயரை அச்சில் ஏற்றுங்கள். கோயிலுக்குள் சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் அந்தப் பட்டுப்போன கடம்ப மரத்தின் அடிப்பகுதியை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், அதை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் நன்று. காடு என்பதற்கு நம் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஓவியரிடமும் ஒரு வார்த்தை. அடுத்த முறை வரையும்போது படத்தின் ஓரத்தில், மரத்தடியில், ஒரு ஆளை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணில் தூக்கம் வேண்டாம். தோளில் மூட்டை கட்டாயம் இருக்க வேண்டும். வியாபாரம் முடித்துத் திரும்புகிறவன் எவனும் வெறுங்கையை வீசிக்கொண்டு வரமாட்டான்.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்குப்பிள்ளை,
மதுரை.